கட்டிய கைக்கு ஒரு புள்ளி குறைவு

மச்சான்,

நேற்றுத் தம்புள்ளையில் கொடுத்த காகிதம் ஒன்று என் மேசையில் கிடக்கிறது. அதில் ஒரு மனிதனின் படம். கோட்டு, டை, பளபளவென்று சப்பாத்து எல்லாம் போட்டிருக்கிறான். இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்கிறான். அவன்மேல் சிவப்பு மையில் பெரியதொரு பெருக்கல் குறி. கீழே மூன்று மொழியிலும் ஒரே வரி: இப்படி நிற்க வேண்டாம்.

எங்களைப் போன்ற வழிகாட்டிகளுக்கு அங்கே இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். ஆட்கள் முன்னால் நின்று பேசும்போது உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் பாடம். உடல்மொழி என்கிறார்கள். படிப்பித்தது கொழும்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை, என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். இந்தப் படத்தைத் திரையில் போட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணும் கலங்கிவிட்டது. ஏன் அங்கிள் என்று அந்தப் பிள்ளை கேட்டது. ஒன்றுமில்லை மிஸ் என்றேன். என்னத்தைச் சொல்ல? படத்தில் நிற்பது நான்தான் என்றா? அந்தப் பெருக்கல் குறியை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே ஒருவன் போட்டுவிட்டான், அவன் கொழும்புக்குப் போய்ப் படித்தவனும் இல்லை, மாத்தளை பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் துணி விற்றவன் என்றா?

நாம் இரண்டு பேரும் அந்த வாசனைத் திரவியத் தோட்டத்தில் ஒரே கிழமையில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். பஸ்ஸில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் மிளகுக் கொடியையும் கறுவா மரத்தையும் காட்டி விளக்கம் சொல்லும் வேலை. எனக்கு இங்கிலீஷ் இருந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பக்கம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். உனக்கு இங்கிலீஷே இல்லை. எஸ், நோ, வெரி குட், கம் கம், இவ்வளவுதான். அப்படியிருந்தும் முதலாவது கிழமையிலேயே உன் பின்னால் போன கூட்டம் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தது. என் பின்னால் வந்தவர்கள் பாதி வழியில் கழன்று உன்னிடம் வந்து சேர்ந்தார்கள். அந்த எரிச்சலை நான் மறைக்கவும் இல்லை. இவனுக்கு என்ன தெரியும் என்று உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

முதல் நாள் உன்னை மரியாதையாக, உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்றுதான் கூப்பிட்டேன். உன் பிறந்த மாதத்தைக் கேட்டுக் கணக்குப் பார்த்து, நாலு மாசம் மூப்புக்கு ஒரு நானாவா என்று நீ என் முதுகில் தட்டினாய். அன்றிலிருந்து மச்சான். நீ இருக்கு என்பதற்கு ஈக்கி என்பாய். நான் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணுவேன். நான் எதற்கெடுத்தாலும் சரிங்க சரிங்க என்பதை நீ கேலி பண்ணுவாய்.

நான் பிறந்தது றத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் ரோட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். எங்கள் பெரட்டுக்களத்தில், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த இடத்தில், தோட்டத்தை நடத்தும் துரை வந்து நின்றால் எங்கள் அப்பாவின் கை தானாக நெஞ்சுக்கு ஏறிவிடும். அதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நடக்கப் பழகும்போதே நானும் பழகியதுதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் பதில் சொல்ல எழும்பினாலும் கை கட்டித்தான். கோயிலிலும் அப்படித்தான். கை கட்டாமல் பெரியவர்கள் முன்னால் நிற்பவனைத் திமிர் பிடித்தவன் என்பார்கள். ஆகவே வெள்ளைக்காரர்கள் முன்னாலும் நான் கை கட்டி, தலையைக் குனிந்து, என் இங்கிலீஷை நிலத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மரியாதை என்று நினைத்துத்தான்.

ஒரு வயசான வெள்ளைக்காரம்மா உன்னைத் தனியே கூப்பிட்டு, என்னைக் காட்டி ஏதோ கேட்டார். உனக்கு விளங்கியது ஒரு சொல்தான். நோ ஏங்க்ரி, குட் மேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்து என்னிடம் கேட்டாய், உனக்கு அவங்களோட என்ன கோவம் என்று. எனக்கு வந்ததே கோபம். மரியாதை தெரியாத சனம் என்று அந்த அம்மாவைத்தான் ஏசினேன்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தலையாட்டல் நடந்தது. பஸ் அனுப்பும் கம்பனியின் வெளிநாட்டுக்காரர் ஒருவர் நேரே வந்து, நாளை மறுநாள் நாற்பது பேரை உங்களால் பார்த்துக்கொள்ள முடியுமா என்று என்னிடம் கேட்டார். அன்று முதலாளி கண்டிக்குப் போயிருந்தார். இங்கிலீஷ் தெரிந்தவன் நான்தான். நான் நம்மூர் வழக்கப்படி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாக ஆட்டினேன். தாராளமாக வாங்க என்று அர்த்தம். அவர் முகம் சுருங்கியது. மறுபடியும் கேட்டார். நான் இன்னும் பலமாக ஆட்டினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய், நாற்பது பேரையும் ரோட்டுக்கு அந்தப் பக்கத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். முடியாது, முடியவே முடியாது என்று நான் சொன்னதாகத்தான் அவர் எடுத்துக்கொண்டாராம்.

முதலாளி திரும்பி வந்து குதித்ததை நீயும் பார்த்தாய். இரண்டு கிழமை, பதினாலு நாள் தவணை என்றார். அதற்குள் என் கூட்டம் கலையாமல் கடைசி மரம் வரை வர வேண்டும், இல்லாவிட்டால் நான் வீட்டுக்குப் போகலாம். வீடு என்றால் லயம். வேலைக்கு வரும்போது தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம், இனி என் பேரை உங்க செக்ரோல் புத்தகத்தில் எழுத வேண்டாம் என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தவன் நான். அந்த வாய்க்கு அப்பா இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. திரும்பிப் போனால் அதே களத்தில், அதே ஆளின் முன்னால், கையைக் கட்டிக்கொண்டு வேலை கேட்க வேண்டும். செத்தாலும் அது மட்டும் வேண்டாம் என்று இருந்தது. அன்று நான் சாப்பிடவில்லை. நீ என் சோற்றுப் பார்சலையும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, கைகழுவிக்கொண்டே ஒரு பேரம் பேசினாய். நான் உனக்கு இங்கிலீஷ் தர வேண்டும், நீ எனக்குக் கை தருவாய்.

கறுவாப்பட்டை காயப்போடும் கொட்டிலுக்குப் பின்னால் நமது பள்ளிக்கூடம் நடந்தது. யார் யாருக்கு வாத்தியார் என்று பார்த்தவர்களுக்குப் பிடிபட்டிருக்காது. ஏலக்காயின் இங்கிலீஷ் பெயர் உன் வாயில் நுழையவே இல்லை. காட்டு மாமன் என்று மனதில் வைத்துக்கொள், வாயில் கார்டமம் வரும் என்று நான் ஒரு குறுக்குவழி சொன்னேன். காட்டுக்கு இங்கிலீஷில் ஜங்கிள், மாமனுக்கு அங்கிள் என்பது உனக்குத் தெரிந்திருந்தது வினையாகிப் போனது. அடுத்த நாள் ஒரு கூட்டத்தின் முன்னால் காயை உயர்த்திப் பிடித்து, திஸ் இஸ் ஜங்கிள் அங்கிள் என்றாயே! அவர்களுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனாலும் நீ காயை உரித்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு விதை வைத்த விதத்தில் எல்லாரும் அதை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார்கள்.

என் கையைத்தான் உன்னால் இலேசில் அவிழ்க்க முடியவில்லை. பேசத் தொடங்கினால் ஏறிவிடும். நீ அடித்துக்கூடப் பார்த்தாய். கடைசியில் ஒரு கையில் சாதிக்காயையும் மறு கையில் கறுவாப்பட்டையையும் திணித்தாய். இனி எப்படிக் கட்டுவாய் என்று பார்ப்போம் என்றாய். நிலத்தைப் பார்த்தால், அங்க என்னத்தத் தேடுற என்பாய். ஆகக் கடைசியில் நிற்கும் ஆளை முதலில் பார், பிறகு கிட்ட நிற்கிறவனைப் பார் என்றாய். பஸ் ஸ்டாண்டில் துணி விற்றபோது நீ கண்டதாம், ஒதுங்கி நிற்கிறவள்தான் கடைசியில் வாங்குவாள் என்று. துணியை மடித்து வைத்துக்கொண்டு யாரும் விற்பதில்லை, விரித்துத்தான் காட்டுவார்கள், கையும் அப்படித்தான் என்று நீ சொன்னபோது எனக்கு முதன்முதலாக ஏதோ பிடிபட்டது.

உன்னிடம் குறை இல்லாமலும் இல்லை. சாதிக்காயை உடைத்து ஆட்களின் மூக்குக்குள் விடப் போவாய். அவர்கள் ஓரடி பின்னால் போனால் நீ இரண்டடி முன்னால் போவாய். ஒரு பெண்பிள்ளை கொக்கோ மரத்தில் முட்டும் வரை போனாள். கையை நீட்டு, காலை நீட்டாதே, வாசம் பிடிக்க விரும்பினால் அவர்களே வருவார்கள் என்று நான் சொன்னேன். ஒரு நாள் முழுக்க நீ என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் பார்த்தால் கையை நீட்டிக்கொண்டு சிலைபோல நிற்கிறாய், அந்தக் கூட்டம் உன்னைச் சுற்றி நெருங்கி வந்திருந்தது.

அந்த நாட்களில் ஒரு நாள் உன்னை மடக்க நினைத்துக் கேட்டேன், நீங்களெல்லாம் பள்ளிவாசலில் தொழும்போது கை கட்டித்தானே நிற்கிறீர்கள் என்று. நீ யோசிக்கவே இல்லை.

“கட்டுற தான் மச்சான். ஒரு நாளக்கி அஞ்சு தரம் கட்டுறன், அல்லாவுக்கு முன்னுக்கு. மத்த ஆக்களுக்கு முன்னுக்கு எனக்குக் கை ஈக்கிறது வேல செய்ய.”

தவணையில் இன்னும் ஒரு நாள்தான் மீதி. முதலாளி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பஸ் வந்தது. அதில் வந்தவர்களை நான் பொறுப்பெடுத்து மிளகுக் கொடிவரை கொண்டுபோய்விட்டேன். கை இரண்டிலும் உன் சாமான்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு ஜீப் வந்து நின்று, தன் வெளிநாட்டு விருந்தாளிகள் இரண்டு பேருடன் ஒருவர் இறங்கி என் கூட்டத்தோடு வந்து சேர்ந்துகொண்டார். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை. அப்பா முப்பது வருஷம் கை கட்டி நின்றது அந்த ஆளின் முன்னால்தான்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? லயத்தில் பிறந்த எத்தனையோ பிள்ளைகளில் ஒன்று. ஆனால் என் கைக்கு அவரைத் தெரிந்தது. சாதிக்காயும் பட்டையும் எப்போது சட்டைப்பைக்குள் போயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கை நெஞ்சில் ஏறிக் கட்டிக்கொண்டது. குரல் இறங்கியது. பார்வை அவருடைய சப்பாத்துக்குப் போனது. இரண்டு பேர் மெல்ல விலகிப் போட்டோ எடுக்கப் போனார்கள். வாசலில் முதலாளி கதிரையை விட்டு எழும்புவது தெரிந்தது. முடிந்தது என் கதை என்று நினைத்தேன்.

ஆகக் கடைசியில் நிற்கும் ஆளை முதலில் பார் என்று நீ சொன்னது அந்த நேரத்தில் எப்படியோ ஞாபகம் வந்தது. பார்த்தேன். எல்லாருக்கும் பின்னால், கராம்பு மரத்தடியில் நீ நின்றாய். உன் கூட்டத்தை எங்கே விட்டுவிட்டு வந்தாயோ. வாயால் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாலும் சாடை காட்டவில்லை. நீங்கள் இறைவனிடம் துஆ கேட்கும்போது பிடிப்பீர்களே, அப்படி இரண்டு உள்ளங்கைகளையும் மேலே பார்க்க விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாய். எனக்காக உண்மையாகவே துஆ கேட்டாயா, கையை விரி என்று காட்டினாயா என்று பிறகு எத்தனையோ தரம் கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதான் என்று மழுப்பிவிட்டாய்.

நான் கையை அவிழ்த்தேன். பாரமாக இருந்தது, வேறு யாருடையதோ கை மாதிரி. ஆட்களுக்குக் கொடுக்கப் பையில் வைத்திருந்த கராம்பில் ஒன்றை எடுத்து உயர்த்தி, ஓரமாகப் போன இரண்டு பேரையும் பார்த்துப் பேசத் தொடங்கினேன். அவர்கள் திரும்பி வந்தார்கள். வழமைபோல ஒவ்வொருவருக்கும் கராம்பு கொடுத்துக்கொண்டு வந்தேன். துரையும் மற்றவர்களைப் போலவே உள்ளங்கையை நீட்டினார். நான் வைத்தேன். என் கை மேலே இருந்தது, அவர் கை கீழே இருந்தது. எங்கள் குடும்பத்தில் யாருடைய கையும் அதற்கு முன் அந்த இடத்தில் இருந்ததில்லை. அவர் கடித்துப் பார்த்துவிட்டு, நல்ல சரக்கு என்று விருந்தாளிகளிடம் சொன்னார். கூட்டம் கடைசி மரம் வரை வந்தது. முதலாளி மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

அன்று நான் கொட்டிலுக்குப் பின்னால் போய் அழுதேன். நீ என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை. உன் கூட்டம் வழி தவறி வனிலாப் பந்தலுக்குள் நிற்பதாகச் சொல்லி, வந்து இங்கிலீஷில் கூப்பிடு என்று இழுத்துக்கொண்டு போனாய்.

பிறகு ஒருமுறை அப்பா நமது வாசனைத் தோட்டத்துக்கு வந்தார். மகன் எப்படி வேலை செய்கிறான் என்று பார்க்க வேண்டுமாம். வேட்டி சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார். நான் ஒரு கூட்டத்துக்கு விளக்கம் சொல்லி முடிக்கும் வரை மிளகுக் கொடியடியில் ஓரமாக நின்றார். கை கட்டித்தான் நின்றார், என் முன்னால். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையை எடுக்கச் சொல்லு மச்சான், நீ சொன்னால் கேட்பார் என்று உன்னிடம் வந்து குசுகுசுத்தேன். என் கையில் அடித்து அடித்துப் பழக்கியவன் நீ, உனக்கு அது பெரிய வேலையா என்று நினைத்தேன். நீ அசையவில்லை.

“அதுல நான் கை வெக்க மாட்டேன். அது பயத்துல கட்டின கை இல்ல. வடிவாப் பாரு.”

பார்த்தேன். அப்பா சிரித்துக்கொண்டு நின்றார். கோயிலில் பூசை நேரத்தில் நிற்பது போல நின்றார். நீ போய் அவருக்கு ஒரு கதிரையும் இஞ்சிப் பிளேன்டீயும் கொண்டுவந்து கொடுத்து, வாப்பா உக்காருங்க என்றாய். ஒரே மாதிரிக் கட்டினாலும் ஒரே கை இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்தக் காகிதத்திலும் அதை இன்னும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை.

நான் வழிகாட்டி லைசன்ஸ் எடுத்துக்கொண்டு சீகிரியாப் பக்கம் போனேன். நீ அங்கேயே இருந்தாய். முதலாளி போய் அவர் மகன் வந்தான், நீ இருந்தாய். என் பஸ் அந்த ரோட்டால் வரும் நாட்களில் கட்டாயம் இறங்குவேன். என் ஆட்களுக்கு நீதான் விளக்கம் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பேன். நீ அவர்களுக்குச் சொல்லும்போது கடைசி ஆளாக, எல்லாருக்கும் பின்னால் நான் நிற்பேன். நீ முதலில் என்னைப் பார்ப்பாய். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நாம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நீ போய் ஒன்றரை வருஷம். உன் மகன்தான் போன் பண்ணினான். மாமா, வாப்பா மவுத் என்றான், அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது. நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவன் எழும்பவில்லையாம். நான் சீகிரியாவிலிருந்து வந்து சேரும்போது உன்னைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் யார்மேல் என்று தெரியாமல் இன்னமும் எனக்கு இருக்கிறது.

உன் ஜனாஸாத் தொழுகைக்கு எல்லாரும் வரிசையாக நின்றார்கள். நான் பள்ளி முற்றத்தில், செருப்புகள் கழற்றி வைத்திருக்கும் பக்கமாக நின்றேன். முன்னால் நீ, வெள்ளைத் துணிக்குள். அவர்கள் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லி, வரிசை வரிசையாக நெஞ்சில் கையைக் கட்டினார்கள். உன் மகன் கட்டினான். உன்னோடு துணி விற்ற கிழவர்கள் கட்டினார்கள். எனக்கு உங்கள் தொழுகை தெரியாது, ஓதவும் தெரியாது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. நீயிருந்தால் ஏதாவது சாமானைக் கையில் திணித்திருப்பாய். பின்பு பார்த்தேன், என் கையும் கட்டிக்கொண்டிருந்தது. வடிவாகப் பார்த்தேன் மச்சான். அவிழ்க்க மனம் வரவில்லை, அவர்கள் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும் வரை அப்படியே நின்றேன்.

நேற்றுப் பின்னேரம் எங்கள் எல்லாரையும் மூன்று மூன்று நிமிஷம் பேசச் சொன்னார்கள். இருபது புள்ளிக்கு. பெயர் கூப்பிட்டதும் நான் முன்னால் போனேன். கடைசி வரிசையைப் பார்த்தேன். அங்கே ஒரு கதிரை காலியாகக் கிடந்தது. பேசத் தொடங்குமுன் ஒரு மூச்சு நேரம் இரண்டு கையையும் நெஞ்சில் கட்டி நின்றேன். பிறகு அவிழ்த்து, சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் சாதிக்காயை எடுத்துக் காட்டி, உன்னிடம் கற்றதையெல்லாம் உன்னிடம் கற்றபடியே செய்தேன். ஜங்கிள் அங்கிள் கதையையும் சொன்னேன். மண்டபம் சிரித்தது.

முடிந்த பிறகு அந்தப் பிள்ளை தாளைக் கொண்டுவந்து காட்டியது. பத்தொன்பது. எல்லாரையும்விடக் கூட. தொடக்கத்தில் கையைக் கட்டியதற்குத்தான் ஒன்று குறைத்ததாகவும், வேண்டுமென்றால் அதையும் போட்டுவிடுவதாகவும் சங்கடத்தோடு சொன்னது. வேண்டாம் மிஸ், குறைத்தது சரிதான் என்றேன். பிள்ளைக்கு விளங்கவில்லை, நல்லாத் தெரிஞ்ச நீங்க ஏன் அங்கிள் கட்டுனீங்க என்று கேட்டது.

“ஒருத்தருக்குக் கட்டினேங்க மிஸ். அது பயத்துல கட்டின கை இல்ல.”